தலைக்கணக்கில் சேர்த்தீர்கள், இருக்கைக் கணக்கைச் சொல்லுங்கள்

தலைவர்,
பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு,
இல. 20, வாட் பிளேஸ்,
கொழும்பு 07.



உயர்தரப் பெறுபேறு வெளியானதும் ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவை, மஸ்கெலியா டவுன்களில் எங்கு திரும்பினாலும் ஒரே கேள்விதான்: "கெம்பஸ் கெடைக்குமா?" இசட் புள்ளியைக் கையில் வைத்துக்கொண்டு, போன வருட வெட்டுப்புள்ளியைத் தேடிப் பிள்ளைகள் அலைவார்கள். பிறகு உங்கள் ஆணைக்குழு விண்ணப்பம் கோரும். கைநூல் வரும். இணையத்தில் படிவம் திறக்கும். அந்தப் படிவத்தைப் பற்றியும், அது நிரப்பப்பட்ட பிறகு நீங்கள் வெளியிடாத ஒரு கணக்கைப் பற்றியும்தான் இந்த மடல். நான் ஹட்டன் வலயத்தில் படிப்பித்து ஓய்வுபெற்றவன். இப்போதும் படிவம் நிரப்பத் துணைக்கு வரச் சொல்லிப் பிள்ளைகள் கூப்பிடுவார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததை எழுதுகிறேன்.

முகவரியிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் முகவரி சுருக்கமானது. யார் எழுதினாலும் வந்து சேரும். தேயிலைத் தோட்டத்து லயத்துப் பிள்ளை என்ன எழுதுவாள்? லயத்தின் இலக்கம், டிவிசன், தோட்டம், தபாலகம். ஒரு லயத்தில் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு காம்பரா. அத்தனைக்கும் அதே முகவரிதான். ஒரே டிவிசனில் இரண்டு ராமையா, மூன்று செல்லம்மா இருப்பார்கள். கடிதம் தபாலகத்திலிருந்து தோட்டத்து ஆபீசுக்குப் போகும். அங்கிருந்து அந்தப் பக்கம் போகிற யாரிடமாவது கொடுத்துவிடுவார்கள். அவர் காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பிரட்டுக்களத்தில் இன்னொருவரிடம் கொடுப்பார். சில தோட்டங்களில் இது ஒழுங்காகவே நடக்கிறது. சிலவற்றில் கடிதம் கைக்கு வரும்போது உள்ளே எழுதியிருந்த கடைசித் திகதி கடந்திருக்கும். நேர்முகப் பரீட்சைக் கடிதமோ வங்கிக் கடிதமோ இப்படிப் பிந்தி வந்த கதை இல்லாத டிவிசனே மலையகத்தில் அபூர்வம். தோட்ட மக்களுக்கு வீட்டுக்கு வீடு தனி முகவரி வேண்டும் என்ற கோரிக்கை பழையது. அது இன்னும் முழுதாக நிறைவேறவில்லை.

இப்போதுதான் எல்லாம் இணையத்தில் நடக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். நல்ல மாற்றம்தான். கைநூலைக் கடையில் வாங்கி, கையால் எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, போய்ச் சேர்ந்ததா என்று தவித்த காலத்தை நான் மறக்கவில்லை. ஆனால் இணையமும் லயத்துக்கு நேராக வருவதில்லை. வீட்டில் ஒரு போன். அது அண்ணனோடு கொழும்பில் இருக்கும், அல்லது மலையில் கொழுந்து எடுக்கும் அம்மாவின் இடுப்பில் இருக்கும். சிக்னல் வேண்டுமென்றால் கோயில் மேட்டுக்கு ஏற வேண்டும். அதனால் பிள்ளை டவுனுக்கு, கொமினிகேசன் கடைக்குப் போகிறாள். துணைக்கு அம்மா வந்தால் அன்றைய பேர், அதாவது அன்றைய சம்பளம், போச்சு. 2024இல் அடிப்படை நாட்கூலி 1,350 ரூபாய் என்று நிர்ணயமானது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பஸ் காசு, பிரிண்ட் காசு, போட்டோ கொப்பிக் காசு எல்லாம் அதற்கு மேலே. மின்னஞ்சல் முகவரியைத் திறந்து கொடுப்பவரும் கடைக்காரர்தான். கடவுச்சொல் அவருடைய கொப்பியில் இருக்கும். நீங்கள் அனுப்பும் மின்னஞ்சலை முதலில் படிப்பதும் அவராக இருக்கலாம்.

அப்படியொரு கடையில் பார்த்ததைச் சொல்கிறேன். பிள்ளை நன்றாகப் படித்தவள். மூன்று பாடத்திலும் நல்ல சித்தி. திரையில் பெயர், சுட்டெண், அடையாள அட்டை இலக்கம் எல்லாம் நிரம்பியாயிற்று. அடுத்தது கற்கைநெறிகளின் விருப்ப வரிசை. நூற்றுக்கும் மேற்பட்ட கற்கைநெறிகள்; ஒவ்வொன்றுக்கும் பல்கலைக்கழகத்துக்கு ஒரு குறியீடு.

"எத மொதல்ல போடணும்?" என்று கடைக்காரர் கேட்டார்.

பிள்ளை அம்மாவைப் பார்த்தாள். "டீச்சர் வேலைக்குப் போறதப் போடுங்க தம்பி," என்றார் அம்மா.

"போன வாரம் ஒரு புள்ளைக்குப் போட்ட வரிசை இருக்கு அக்கா, அதையே போட்டுடவா?"

அம்மா தலையாட்டினார். பின்னால் இன்னும் நான்கு பிள்ளைகள் காத்திருந்தார்கள். கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்குத் தெரிந்ததை அவர் செய்தார். அந்த மலைச்சரிவில் அந்த வேலையைச் செய்ய வேறு யாரும் இல்லை.

ஆனால் அந்த வரிசையின் கனம் உங்களுக்குத் தெரியும். முடிவுத் திகதி போன பிறகு அதை மாற்ற முடியாது. கிடைத்த கற்கைநெறிக்குப் பதிவு செய்துவிட்டால் மறுபடி விண்ணப்பிக்க முடியாது. பல்கலைக்கழக அனுமதிக்காக உயர்தரத்தில் தோற்றவும் மூன்று தடவைதான். யாரோ ஒரு பிள்ளையின் விருப்பம் இன்னொரு பிள்ளையின் தலையெழுத்தாகிவிடுகிறது. கொழும்பிலோ கண்டியிலோ, ஒரு தலைமுறை பட்டம் பெற்ற வீட்டில், இந்த வரிசையைப் போடுவதற்கு மாமா இருக்கிறார், பக்கத்து வீட்டு விரிவுரையாளர் இருக்கிறார், டியூஷன் மாஸ்டர் இருக்கிறார். எந்தக் கற்கைநெறிக்கு எந்த மாவட்டத்தில் எவ்வளவு வெட்டுப்புள்ளி வந்தது என்று மூன்று வருடக் கணக்கை மேசையில் பரப்பி வைத்துப் பேசுவார்கள். எங்கள் பக்கத்துப் பிள்ளைக்குத் தெரிந்த கற்கைநெறிகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்: டாக்டர், எஞ்சினியர், கலை, முகாமைத்துவம், சட்டம். கைநூலில் மற்றவையும் தமிழில் இருக்கின்றன. படித்துப் புரிந்துகொள்ள, இன்ன படிப்பு படித்தால் இன்ன வேலை என்று சொல்ல, ஒரு ஆள் வேண்டும்.

இதில் எனக்கு மிகவும் உறைப்பது ஒன்று. பதுளையில் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் இருக்கிறது, 2005இல் தொடங்கியது. அங்கே தேயிலைத் தொழில்நுட்பத்துக்கும் பெறுமதி சேர்த்தலுக்கும் தனிப் பட்டப்படிப்பு உண்டு. பாட்டியும் அம்மாவும் கொழுந்து பறித்த பிள்ளை அந்தக் கொழுந்தை ஆராயப் பட்டம் படிக்கலாம். ஒருநாள் தொழிற்சாலையையே நடத்தலாம். அப்படியொரு படிப்பு இருப்பதையே கேள்விப்படாத விஞ்ஞானப் பிரிவு மாணவர்களைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிற பாடசாலைகளிலேயே நான் கண்டிருக்கிறேன்.

படிவத்தோடு நிற்கவில்லை விஷயம். திரையில் ஒரு பிள்ளைக்கு எந்தக் கற்கைநெறிகள் திறக்கும், எவை பூட்டியே கிடக்கும் என்பது அதற்கு இரண்டு வருடம் முன்பே, உயர்தரத்துக்குப் பாடம் தெரிவு செய்த அன்றே முடிவாகிவிடுகிறது. பாடசாலைகளைக் கல்வி அமைச்சு நான்கு வகையாகப் பிரித்து வைத்திருக்கிறது. விஞ்ஞானப் பிரிவும் உள்ள உயர்தரப் பாடசாலை 1ஏபி. கலையும் வர்த்தகமும் மட்டும் உள்ளது 1சி. உயர்தரமே இல்லாதவை வகை 2, வகை 3. தோட்டப் பாடசாலைகளில் பெரும்பாலானவை கடைசி இரண்டு வகை, வளர்ந்தவை 1சி. 1ஏபி பாடசாலை அநேகமாக டவுனில்தான் இருக்கும். அங்கே இடம் கிடைத்து, தங்கவோ தினமும் பஸ் ஏறவோ வசதியும் இருக்கிற பிள்ளைதான் விஞ்ஞானம் படிக்கும். மற்றப் பிள்ளைக்குக் கணக்கில் எவ்வளவு ஆர்வம் இருந்தாலும், பக்கத்துப் பாடசாலையில் இருக்கிற பாடம்தான் பாடம்.

இங்கேதான் மாவட்டக் கோட்டா பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு நீங்கள் பின்பற்றும் முறை நாடறிந்தது. 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையில். 55 சதவீதம் மாவட்டங்களுக்கு, அந்தந்த மாவட்டச் சனத்தொகையின் விகிதப்படி. மீதி 5 சதவீதம் கல்வியில் பின்தங்கியவை என்று கணிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக. எங்கள் நுவரெலியா மாவட்டமும் அந்தப் பதினாறில் ஒன்று. அதனால்தான் மருத்துவத்துக்கோ பொறியியலுக்கோ நுவரெலியாவின் வெட்டுப்புள்ளி கொழும்பு, காலி, மாத்தறையை விடக் குறைவாக இருக்கிறது. இந்த ஏற்பாட்டை நான் குறை சொல்லவில்லை. இது இல்லாதிருந்தால் மலையகத்தில் இன்று இருக்கிற டாக்டர்களிலும் எஞ்சினியர்களிலும் பலர் இருந்திருக்க மாட்டார்கள்.

என் கேள்வி வேறு. 55 சதவீதத்தில் நுவரெலியாவின் பங்கை எப்படிக் கணக்கிடுகிறீர்கள்? தலைகளை எண்ணித்தானே? 2012 குடிசன மதிப்பீட்டின்படி இந்த மாவட்டத்தில் 7 லட்சத்து 11 ஆயிரம் பேருக்கு மேல். அதில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் 'இந்தியத் தமிழர்' என்று பதியப்பட்ட மலையகத் தமிழர். அவர்களில் மிகப் பெரும் பகுதி தோட்டங்களில் வாழ்கிறது. ஆக, லயங்களில் இருக்கிற தலைகளைச் சேர்த்து எண்ணியதால்தான் மாவட்டத்தின் பங்கு பெரிதாகிறது. அந்தப் பங்கு இடங்களாக மாறி நிரப்பப்படும்போது எத்தனை இடத்தில் லயத்துப் பிள்ளை உட்காருகிறாள்? அதை எங்கும் நான் காணவில்லை. தோட்டத்தில் சொன்ன நிறைக்குக் கொழுந்து வராவிட்டால் அன்றைக்கு அரைப்பேர்தான் போடுவார்கள். அப்போதும் எத்தனை கிலோ குறைந்தது என்று கங்காணி கணக்குச் சொல்லியாக வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்கு முழுப்பேர் விழுந்ததா, அரைப்பேர் விழுந்ததா, விழவே இல்லையா என்று உங்கள் ஆணைக்குழு சொல்வதில்லை.

இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது. மாவட்டக் கோட்டா வந்தது 1974இல். அப்போது மலையக மக்களில் பெரும்பாலோருக்கு இந்த நாட்டில் குடியுரிமை இல்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டம் அதை எடுத்திருந்தது. தோட்டப் பள்ளிக்கூடங்களை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதும் அந்த எழுபதுகளில்தான். அப்போதைய கல்வி அமைச்சர் கன்னங்கரா இலவசக் கல்வியைக் கொண்டுவந்தது 1945இல்; அது லயத்துக்கு ஏறி வர ஒரு தலைமுறைக்கு மேல் ஆயிற்று. அதுவரை பல தோட்டங்களில் ஒரே மாஸ்டர், ஒரே மண்டபம், ஐந்தாம் வகுப்போடு முடிகிற படிப்பு. சனத்தொகைப்படி இடம் பிரித்தபோது எங்கள் தாத்தாக்களின் தலைகள் மாவட்டத்துக்குள்தான் இருந்தன. அவர்களுடைய பிள்ளைகள் பரீட்சை மண்டபத்தின் பக்கமே வரவில்லை. குடியுரிமைப் பிரச்சினை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு தீர்ந்தது. கணக்கு மட்டும் அன்றைக்கு இருந்த மாதிரியே மாவட்டத்தோடு நின்றுவிட்டது. அதற்குக் கீழே இறங்கவில்லை.

இதை இனப் பிரச்சினையாக்க வேண்டாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்கிறேன். வலப்பனையிலும் ஹங்குராங்கெத்தையிலும் மரக்கறித் தோட்டத்துக்கு நடுவே இருக்கிற சிங்களக் கிராமத்துப் பிள்ளைக்கும் பக்கத்தில் விஞ்ஞானப் பாடசாலை இல்லை. அவளும் டவுன் பாடசாலைப் பிள்ளையோடு ஒரே வெட்டுப்புள்ளிக்குப் போட்டியிடுகிறாள். குறைந்த வெட்டுப்புள்ளியை நம்பி வெளிமாவட்டப் பிள்ளைகள் இங்கே வந்து பரீட்சை எழுதுகிறார்கள் என்ற பழைய மனக்குறை எங்கள் இரு பக்கத்துக்கும் உண்டு. மாவட்டம் என்ற வலைக்கண் பெரியது. அதற்குள்ளேயே ஒரு கொழும்பும் இருக்கிறது, ஒரு மொனராகலையும் இருக்கிறது.

அந்த வலைக்கண்ணைச் சின்னதாக்கிய இடங்கள் உலகத்தில் உண்டு. தமிழ்நாட்டில் மருத்துவப் படிப்புக்கு நீட் தேர்வு வந்த பிறகு அரசுப் பள்ளிப் பிள்ளைகள் விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குச் சுருங்கிப் போனார்கள். 2020இல் ஒரு சட்டம் வந்தது: ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீதம் உள் ஒதுக்கீடு. அவர்களும் நீட்டில் தேறித்தான் வர வேண்டும். முதலாண்டிலேயே நூற்றுக்கணக்கான பிள்ளைகள் மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்தார்கள். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலம் 1997இல் இன்னொரு வழி பார்த்தது: ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளியிலும் முதல் பத்து சதவீதத்துக்குள் வரும் பிள்ளைக்கு மாநிலப் பல்கலைக்கழகத்தில் இடம் உறுதி. பணக்காரப் பேட்டைப் பள்ளியானாலும் எல்லையோரக் குக்கிராமப் பள்ளியானாலும் அந்தந்தப் பள்ளிக்குள்தான் போட்டி. இரண்டுமே பிள்ளையின் ஊரையோ இனத்தையோ கேட்கவில்லை. எந்தப் பள்ளியில் படித்தாய் என்றுதான் கேட்டன. உங்கள் படிவமும் அந்தக் கேள்வியைக் கேட்கிறது. பதில் உங்கள் கணினியில் இருக்கிறது.

இனி என் கோரிக்கைகள்.

முதலாவது, கணக்கு. ஒவ்வொரு ஆண்டும் ஒவ்வொரு மாவட்டத்திலும் எந்த வகைப் பாடசாலையிலிருந்து, எந்த மொழி மூலத்தில், எந்தக் கற்கைநெறிக்கு எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேர் தெரிவானார்கள் என்ற அட்டவணையை வெளியிடுங்கள். பாடசாலைகளில் தோட்டப் பாடசாலை எது என்பது மாகாணக் கல்வித் திணைக்களத்துக்குத் தெரியும். பட்டியலைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். இதற்குப் புதுச் சட்டமும் வேண்டாம், திறைசேரிப் பணமும் வேண்டாம்.

இரண்டாவது, முகவரி. விண்ணப்பதாரர் விரும்பினால் பாடசாலையையும் ஒரு தொடர்பு முகவரியாகத் தர இடம் வையுங்கள். தெரிவு, பதிவு, கடைசித் திகதி பற்றிய ஒவ்வொரு அறிவித்தலும் பிள்ளைக்குப் போகிற அதே நாளில் அதிபருக்கும் போகட்டும். அதிபருக்குப் பிள்ளையின் லயம் தெரியும். அடுத்த வீட்டுத் தம்பியிடம் சொல்லிவிடுவார். செய்தி கிடைக்காமல் பதிவுத் திகதியைத் தவறவிட்ட பிள்ளைக்கு, அதிபரும் கிராம உத்தியோகத்தரும் உறுதிப்படுத்தினால், ஒரு குறுகிய கருணைக் காலம் கொடுங்கள்.

மூன்றாவது, ஆவணம். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், பரீட்சை அனுமதி அட்டையில் இன்னொரு எழுத்து என்பது தோட்டத்தில் சர்வ சாதாரணம். தமிழ்ப் பெயரைக் காதால் கேட்டு வேறு மொழியில் எழுதியவர்கள் செய்த வேலை அது. திருத்தப் போனால் மாதக்கணக்கில் இழுக்கும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது உயர்தரப் பரீட்சையே நடுவில் நின்றது. இந்த மலைகளில் வீட்டோடு சேர்த்துப் பெட்டியும் சான்றிதழும் மண்ணுக்குள் போன குடும்பங்கள் உண்டு. இப்படிப்பட்டவர்களுக்கு முதலில் சத்தியக்கடதாசியை ஏற்றுக்கொண்டு, மூல ஆவணத்தைப் பிறகு தர அனுமதியுங்கள்.

நான்காவது, வழிகாட்டல். விண்ணப்ப காலத்தில் நுவரெலியா, ஹட்டன், கொத்மலை, வலப்பனை, ஹங்குராங்கெத்தை ஆகிய ஐந்து கல்வி வலயங்களிலும் தமிழும் சிங்களமும் தெரிந்த ஒரு குழுவை உட்கார வையுங்கள். ஞாயிற்றுக்கிழமையும் இருக்கட்டும், அன்றைக்குத்தான் பெற்றோரும் வரலாம். பல்கலைக்கழகங்களில் படிக்கும் எங்கள் பிள்ளைகள் விடுமுறையில் வந்து சொந்தக் காசில் இந்த வேலையைச் செய்கிறார்கள். அவர்களுக்கு உங்கள் ஆணைக்குழுவின் அங்கீகாரமும் பஸ் செலவும் கொடுத்தாலே போதும். உயர்தரம் உள்ள எல்லாப் பாடசாலை நூலகத்துக்கும் தமிழ்க் கைநூல் இலவசமாகப் போகட்டும். பன்னிரண்டாம் தரத்திலேயே போகட்டும். பரீட்சை முடிந்த பிறகு அதைப் படித்துப் பயனில்லை. முடிவுத் திகதிக்குப் பிறகு, விருப்ப வரிசையை ஒரே ஒரு தடவை திருத்த ஒரு கிழமை அவகாசமும் கொடுங்கள். கடையில் கடன் வாங்கிய வரிசையோடு வருகிற பிள்ளையை அந்த ஒரு கிழமைக்குள் நாங்கள் பிடித்து உட்கார வைத்துவிடுவோம்.

ஐந்தாவது, பின்தங்கிய மாவட்டங்களுக்கான அந்த 5 சதவீதம். அதில் ஒரு பகுதியையாவது மாவட்டத்துக்குள் பாடசாலை வகையைப் பார்த்துக் கொடுங்கள். விஞ்ஞானப் பிரிவு இல்லாத பாடசாலையில் சாதாரண தரம் வரை படித்து, பிறகு எங்கோ இடம் தேடிப்போய் உயர்தரத்தில் தகுதி பெற்ற பிள்ளைக்கு அது போகட்டும். தமிழ், சிங்களம் என்று பார்க்க வேண்டாம்.

திறமைக்கு இது பாதகம் என்று சிலர் சொல்வார்கள். இங்கே யாரும் சித்தியில்லாத பிள்ளைக்கு இடம் கேட்கவில்லை. ஆய்வுகூடமே காணாத பாடசாலையில் பத்தாண்டு படித்துவிட்டு மூன்று பாடம் சித்தியடைந்த பிள்ளையின் புள்ளியையும், வாரத்துக்கு நான்கு டியூஷன் போன பிள்ளையின் புள்ளியையும் பக்கத்தில் வைத்து, எண் கூடியதால் திறமையும் கூடியது என்று முடிவு கட்டுவதுதான் திறமைக்குச் செய்கிற அநியாயம். அதை உங்கள் ஆணைக்குழுவே ஏற்றுக்கொண்டதால்தானே மாவட்டக் கோட்டா இருக்கிறது? அந்த நியாயத்தை இன்னும் ஒரு படி இறக்கி, பாடசாலை வாசல் வரை கொண்டுவரக் கேட்கிறேன்.

ஐந்து கோரிக்கைகளில் நான்குக்குக் கூட்டம் கூட்ட வேண்டியிருக்கலாம், அமைச்சைக் கேட்க வேண்டியிருக்கலாம். முதலாவதுக்கு அது தேவையில்லை. உங்கள் அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கிற எண்களை ஒரு பக்கத்தில் அடுக்கினால் முடிந்தது. அடுத்த கைநூல் அச்சுக்குப் போகும் முன் அந்த ஒரு பக்கத்தை அதில் சேர்த்துவிடுங்கள். எங்கள் பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள் என்று முதலில் எல்லோரும் பார்ப்போம். மிச்ச விவாதத்தை அதை வைத்துக்கொண்டு நடத்தலாம்.

இப்படிக்கு,
ஹட்டனிலிருந்து
ஓய்வுபெற்ற ஆசிரியன் ஒருவன்